டோரோ நதிக்கரைக்குப் போகாதவர்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் குமாரசாமியும் ஸ்ரீநிவாசனும் பேச உட்கார்ந்தால் பேச்சு போர்ச்சுகலில்தான் போய் நிற்கும். சான் ஹோசேயில் இருவருக்கும் ஒரே கம்பெனி. குமாரசாமி மேனேஜர், ஸ்ரீநிவாசன் அவனுடைய டீமில் எஞ்சினியர். ஒருவனுக்கு ஊர் கோபி, மற்றவனுக்குத் திருச்செங்கோடு.

ஸ்ரீநிவாசனுக்குப் பழைய யுத்தங்கள் என்றால் பைத்தியம். மேஜையில் நாப்கினை நீளமாக விரித்து, இதுதான் டோரோ நதி என்பான். 1809, மே மாதம். வடகரையில் போர்ட்டோ நகரத்தைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சுப் படை. பாலத்தை உடைத்தாயிற்று, படகுகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துக் கட்டியாயிற்று. தென்கரையில் ஆங்கிலேயப் படை கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. அப்போது ஊர் நாவிதன் ஒருவன் சின்னத் தோணியில் ஆற்றைத் தாண்டி வருகிறான். எதிர்க்கரையில் காவலே இல்லாத இடத்தில் நாலு சரக்குப் படகுகள் கிடக்கின்றன என்று சொல்கிறான். அந்தப் படகுகளில் முப்பது முப்பது பேராக அக்கரை சேர்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் நகரம் கை மாறிவிட்டது.

2001 மே மாதம் இரண்டு குடும்பமுமாகப் போய் அந்தக் கரையில் நிற்பது என்று முடிவாகியிருந்தது.

மார்ச் தொடக்கத்தில் டைரக்டர் குமாரசாமியைக் கூப்பிட்டு லே-ஆஃப் பட்டியலைக் காட்டினார். அதில் ஸ்ரீநிவாசன் பெயர் இருந்தது. மாதக் கடைசியில்தான் அறிவிப்பு, அதுவரை மூச்சு விடக் கூடாது, விஷயம் வெளியே போனால் சொன்னவனும் போக வேண்டியதுதான் என்றார். இந்த வேலையை நம்பியிருந்த குமாரசாமியின் கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

மறுநாளே ஸ்ரீநிவாசன் வந்து நின்றான்.

"குமாரு, மே பத்தாம் தேதிக்கு சீட் இருக்குது. புக் பண்ணிரட்டுமா?"

"ம்... பண்ணிரு."

அதன் பிறகு குமாரசாமி, மீட்டிங் இருப்பதாகச் சொல்லி அவனோடு சாப்பிடப் போவதைத் தவிர்த்தான். இரண்டாவது வாரம் ஃப்ரீமாண்டில் ஒரு கம்பெனி ஸ்ரீநிவாசனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. போகலாமா என்று குமாரசாமியிடம்தான் வந்து கேட்டான். உன் இஷ்டம் என்றான் குமாரசாமி, மானிட்டரைப் பார்த்தபடி. இங்கேயே நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஸ்ரீநிவாசன் போய்விட்டான்.

அன்று முழுக்கக் குமாரசாமிக்கு டோரோ நதியே நினைவில் ஓடியது. அந்த நாவிதனை யாரும் வந்து கேட்கவில்லை. பிடிபட்டிருந்தால் சுட்டிருப்பார்கள். ஆனாலும் தெரிந்ததைப் போய்ச் சொன்னான். சாயங்காலம் எப்படியும் சொல்லிவிடுவது என்று பார்க்கிங்கில் காருக்குள் காத்திருந்தான். ஸ்ரீநிவாசன் சிரித்துக்கொண்டே வந்தான். கண்ணாடியை இறக்கிய குமாரசாமி, நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிக் கிளம்பிவிட்டான்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீநிவாசனிடம் லே-ஆஃப் கடித உறையைக் கொடுத்தபோது, மேனேஜர் என்ற முறையில் குமாரசாமியும் அந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. பிறகு அவனுடைய புத்தகப் பெட்டியை இவனே காருக்குத் தூக்கிப் போனான். டிக்கியில் வைத்துவிட்டுச் சொன்னான்.

"எனக்கு மூணு வாரமாவே தெரியும், சீனி."

ஸ்ரீநிவாசன் டிக்கியை மூடினான். 

"ஃப்ரீமாண்ட்காரங்க கூப்பிட்டப்போ உன்கிட்டத்தானப்பா வந்து கேட்டேன்."

சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டான். திங்கட்கிழமை ஃப்ரீமாண்டுக்குப் போன் செய்தபோது ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டோம் என்றார்கள். வேலை இல்லையென்றால் விசாவும் இல்லை. ஏப்ரலில் ஊருக்குக் கிளம்பினார்கள். ஏர்போர்ட்டுக்குக் குமாரசாமிதான் கார் ஓட்டினான். ஸ்ரீநிவாசனின் மனைவி ஷ்யாமளா, இறங்கும்போது அபார்ட்மென்ட் சாவியை நீட்டி, "இதை லீசிங் ஆபீஸ்ல கொடுத்துருங்கண்ணா" என்றாள்.

அவன் உடனே சாவியைக் கொடுக்கப் போகவில்லை. அவர்கள் காலி செய்த வீட்டுக்குப் போனான். அடுப்பைத் தேய்த்தான். ஃப்ரிட்ஜைத் துடைத்தான். மண்டியிட்டு பாத்ரூம் தரையைக் கழுவினான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு அவன் மனைவி சாரதா போன் செய்து, சாப்பிட வரலையா என்று கேட்டாள். கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்றான்.

ஜூனில் ஸ்ரீநிவாசனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. நண்பர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பியிருந்தான். சாரதாவுக்கு வந்தது, குமாரசாமிக்கு வரவில்லை. அவள் புது நம்பரைக் காலண்டரில் எழுதிவைத்து, கூப்பிட்டுப் பேசுங்களேன் என்றாள்.

அவன் தினமும் அதைப் பார்க்கிறான். இன்னும் கூப்பிடவில்லை.