கடைசி ஸ்டாப்பில் பன்னிரண்டு நிமிடம்

பதினோரு வருடமாக அந்த பஸ் டிப்போவில் டூட்டி சார்ட் போடுகிறவள் அவள்தான். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், யார் ஓட்ட வேண்டும், எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், எல்லாம் அவள் பென்சிலில் இருந்துதான் வர வேண்டும். டிரைவர்களுக்கு அவள் சார்ட்டக்கா. புருஷனும் அங்கேயே டிரைவர், ஏழாம் நம்பர் ரூட்டு. சார்ட்டக்கா வீட்டுக்காரரே என்று யாராவது கூப்பிட்டால் மனுஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு திரும்புவார்.

அவருக்குச் சர்க்கரை நோய். அதோடு வாரத்தில் நாலு நாள் டபுள் டூட்டி. இப்படியே ஓட்டினால் கிட்னி தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டபுளை விட்டால் வாடகைக்கு என்ன செய்வது? தன் சம்பளம் கொஞ்சம் ஏறினால் அவர் ஒற்றை டூட்டியோடு வீடு திரும்பலாம். அந்த ஒரே ஆசையில் அவள் மேனேஜர் அறைக்குப் போனாள்.

"நீங்க இல்லன்னா இந்த டிப்போவே இல்லம்மா" என்று ஆரம்பித்தார் மேனேஜர். அப்படி ஆரம்பித்தாலே கையை விரிக்கப் போகிறார் என்று அர்த்தம். விரித்தார். இந்த வருடம் முடியவே முடியாதாம்.

வேறொருத்தியாக இருந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள். இவளும் கேட்டுத் தொலைத்திருக்கலாம்! ஆனால் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிற தங்கை முதல் நாளே பாடம் நடத்தியிருந்தாள். "முடியாதுன்னு சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதக்கா. என்ன செஞ்சா கெடைக்கும்னு கேளு. எப்பன்னு கேளு. எழுதி வாங்கு."

இவள் அப்படியே கேட்டாள். "சரி சார். என்ன செஞ்சு காட்டினா குடுப்பீங்க? எப்ப மறுபடி வரட்டும்?"

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏழாம் நம்பர் ரூட்டு நஷ்டத்துல ஓடுது. இதே வண்டி, இதே ஆளுங்க. தினமும் ஆறு ட்ரிப் கூட ஓட்டிக் காட்டுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, தர்றேன். ஆனா ட்ரிப் கொறைஞ்சா கூட்டின சம்பளமும் கொறையும், சொல்லிட்டேன்." அதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவள் சார்ட்டை விரித்து வைத்து உட்கார்ந்தாள். போகிற நேரத்தில் கை வைக்க முடியாது, வருகிற நேரத்திலும் முடியாது. கடைசி ஸ்டாப்பில் மட்டும் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் பன்னிரண்டு நிமிடம் வண்டி சும்மா நின்றது. சார்ட்டில் அது வெறும் வெள்ளைக் கட்டம். பதினோரு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அந்தக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போனதில்லை. சார்ட் போடுகிறவர்கள் யார்தான் போகிறார்கள்? பன்னிரண்டை மூன்றாக்கினாள். ஆறு ட்ரிப் கிடைத்துவிட்டது.

வீட்டில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தாள். "ஏங்க, கடைசி ஸ்டாப்புல நேரத்தக் கொறைச்சிருக்கேன். கஷ்டமா இருக்குமா?"

"அங்க என்ன வேலை, சும்மா உக்காந்து கத பேசறதுதான். நீ போடும்மா" என்றார்.

புதுச் சார்ட் வந்ததிலிருந்து ஏழாம் நம்பர் டிரைவர்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சம்பளம் ஏறப்போகிறதே என்று வயிற்றெரிச்சல் என நினைத்துக்கொண்டாள். எரியட்டும்!

மூன்று மாதம் முடிந்தது. மேனேஜர் சொன்னபடி சம்பளத்தைக் கூட்டினார். "எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எனக்கு என்னம்மா கவலை" என்று கையும் குலுக்கினார். புருஷன் டபுள் டூட்டியை விட்டார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வாரமே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள், நல்ல வார்த்தை கேட்கலாம் என்று.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போன தடவைக்கு இப்ப ரொம்ப மோசமா இருக்கே. தண்ணி குடிக்கிறீங்களா இல்லையா?"

"டூட்டியில குடிக்கறதில்ல டாக்டர்."

"ஏன்?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கடைசி ஸ்டாப்புலதான் கக்கூஸ். ரோட்டத் தாண்டிப் போய்ட்டு வர எட்டு நிமிஷம் ஆகும். இப்ப வண்டி நிக்கறதே மூணு நிமிஷம். எங்க லைன்ல யாருமே குடிக்கறதில்ல. அடக்கி அடக்கிப் பழகிடுச்சு."

"எவன்யா அது, இப்படி டைம் போடறது? மனுஷனா அவன்?"

"ஆபீஸ்ல யாரோ டாக்டர்" என்றார் புருஷன்.

"நான்தான் டாக்டர் போட்டேன்" என்றாள். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதினார்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்து உலுக்கினாள். "என்கிட்ட சொல்றதுக்கு என்னங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா நீ மாத்திருவ. அதான் எங்க லைன் பசங்ககிட்டயும், வீட்ல ஒரு நல்லது நடக்கப்போகுது, மூணு மாசம் பொறுத்துக்குங்கப்பான்னு கெஞ்சி வச்சிருந்தேன்."

"மூணு மாசம் முடிஞ்சிருச்சே. அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஒத்த டூட்டி நல்லா இருந்துச்சும்மா" என்றார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடு ரோட்டில் நின்று அழுதாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பன்னிரண்டைத் திரும்பப் போட்டாள். ஆறு ட்ரிப்பும் போயிற்று. மேனேஜர் சொன்ன சொல் தவறாதவர். அந்த மாதமே, கூட்டியதைக் குறைத்துவிட்டார். அடுத்த வாரச் சார்ட்டில் டபுள் டூட்டிக் கட்டம் நாலு காலியாக இருந்தது. புருஷன் பேரை நாலிலும் அவளே எழுதினாள்.