மூன்றரை மணிக்குள்

தகனக்கூடத்து மின்பலகையில் மகனின் பெயர் வந்ததும் சாங் தோக்பே எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். எட்டாம் நம்பர் உலை, சாங் கிஹ்யோன், தகனம் நடக்கிறது. மணி ஒன்றே முக்கால்.

பிள்ளையை எரிக்கிற இடத்துக்குப் பெற்றவன் வரக்கூடாது என்று காலையில் சொந்தக்காரர்கள் பஸ் வாசலிலேயே மறித்தார்கள். "எந்த அரசாங்கம் போட்ட சட்டம்?" என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். எழுபத்தாறு வயது வரை ஒருத்தன் வாய்ச்சொல்லையும் நம்பாமல் இஞ்சோன் நகரம் முழுக்கத் தரைக்கு ஓடு பதித்துப் பிழைத்தவர். கூலியைக் கையில் வாங்கிய பிறகுதான் சாந்துக் கரண்டியைத் தொடுவார்.

பக்கத்து நாற்காலியில் மருமகள் ஹேஜின், கறுப்பு உடுப்பும் தலையில் வெள்ளை நாடாவுமாக, செத்தவனின் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தி தாயுனைச் சொந்தக்காரர்கள் சாப்பிட அழைத்துப் போயிருந்தார்கள்.

"ஒம்பது வோன், மாமா."

"ஒரு பங்கா?"

"ஒரு பங்கு."

கிஹ்யோன் பங்கு வாங்கியிருந்த பேட்டரி கம்பெனியைப் பங்குச் சந்தையிலிருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். வைத்திருப்பவர்கள் விற்றுத் தொலைக்க ஏழு நாள் தவணை. அரைமணிக்கு ஒருமுறை ஒரு விலை சொல்வார்கள். இன்று ஏழாம் நாள். மூன்றரைக்குமேல் அது வெறும் காகிதம். ஐந்தாம் நாள் மதியம், யார் வீட்டிலோ ஏசி மாட்டிவிட்டு வண்டியில் வந்து உட்கார்ந்த கிஹ்யோன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தெட்டு வயது. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். கையில் இந்தப் போன்தான் இருந்தது.

ஏழு வருஷத்தில் பதினெட்டுக் கோடி வோன் போட்டிருந்தான். விலை இறங்க இறங்க இன்னும் வாங்கினான். தண்ணி ஊற்றுவது என்பது அதற்குப் பங்குக்காரர்கள் வைத்த பெயர். சூப் உப்புக் கரித்தால் தண்ணீர் ஊற்றுவதில்லையா, அது மாதிரி வாங்கிய விலையின் சராசரி இறங்குமாம். பாத்திரம்தான் பெரிதாகிக்கொண்டே போனது.

"இப்ப எல்லாத்தையும் வித்தா எவ்வளவு வரும்?"

"ரெண்டே முக்கால் லட்சம்கூட தேறாது."

மகனுக்கு உடுத்திய சணல் உடுப்புக்கே நாலு லட்சம் வாங்கியிருந்தான் சாவுமண்டபக்காரன்.

"வந்தவரைக்கும் லாபம்னு வித்துத் தள்ளும்மா."

ஹேஜின் தலையை நிமிர்த்தவில்லை. "சாவுக்கு வந்த மொய்ப்பணத்தை இவர் பங்குக் கணக்குல போட்டுட்டேன், மாமா. மண்டபத்துச் செலவு போக மிஞ்சின தொண்ணூத்திரெண்டு லட்சம். காலையில அங்கேயே மெஷின்ல போட்டேன்."

அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அதே பங்கை இன்னும் வாங்கப் போகிறாள் என்று விளங்கியதும் அவள் பக்கம் திரும்பினார்.

"அது தாயுன் படிப்புக்குன்னு நேத்து ராத்திரி நீதானே சொன்ன? வாடகை பாக்கி வேற நிக்குது. அதுவும் போக, அது நம்ம காசா? ஒவ்வொருத்தன் பேரும் நோட்டுல இருக்கு. நாளைக்கு அவன் வீட்டுல சாவு விழுந்தா நீதான் உறையில போட்டுக் கொண்டுபோய் வைக்கணும்."

அந்நேரம் பார்த்து மா தோங்சிக் காகிதக் கோப்பைகளில் காபியோடு வந்தான். கிஹ்யோனோடு சேர்ந்து அதே பங்கை வாங்கியவன். கம்பெனி வாசலில் போராட்டம் என்று போன மாதம் மொட்டை அடித்துக்கொண்டவன். முடி இன்னும் முள்ளுமுள்ளாக நின்றது.

"அப்பா, சூடா குடிங்க."

"ஏண்டா, நீ மொட்டை போட்டது முதலாளி மனசு மாறவா, இல்ல பேன் தொல்லையா?"

"கிண்டல் பண்ணுங்கப்பா. ஆனா ஒண்ணு, கம்பெனியை வாங்க சீனாவுல ஆள் வந்திருக்கான். ரெண்டு வருஷத்துல திரும்பச் சந்தைக்கு வந்துரும். இன்னைக்கு ஒம்பது வோனுக்குப் பத்து லட்சம் பங்கு வாங்கிப் போட்டா, அண்ணி கையில சராசரி நூத்தியெண்பது. எரநூறு வந்தா போதும், முதலுக்கு மோசமில்ல."

"ஆளைப் பாத்தியா?"

"குரூப்ல போட்டிருக்காங்க."

"குரூப்ல எவனாவது வித்துட்டேன்னு போட்டிருக்கானா?"

தோங்சிக் காபியை ஊதினான். "விக்கிறவன் எதுக்கு அங்க இருக்கப் போறான்? கிளம்பிப் போயிருவான்." தணிந்த குரலில், "நான் வீட்டு அட்வான்ஸை எடுத்துப் போட்டிருக்கேம்பா. இனிமே எங்க போறது?" என்றான். சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டான்.

பலகையில் இரண்டு பெயர்கள் மறைந்து வேறு இரண்டு வந்தன. கிஹ்யோனின் பெயர் அசையவில்லை.

மூன்று நாளாக மண்டபத்தில் வந்தவர் போனவரிடமெல்லாம் தோக்பே ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "நான் ஆரம்பத்துலயே வித்துடுடான்னு சொன்னேன். கேட்டானா?" எல்லாரும் தலையாட்டினார்கள். அது பொய்யும் இல்லை. பல தடவை சொன்னார்தான்.

"அவருக்கும் விக்கணும்னு தோணுச்சு, மாமா," என்றாள் ஹேஜின். "போன வசந்தத்துல. அப்ப ரெண்டாயிரம் வோன். ஆறு கோடியாவது மிஞ்சும், இதோட தலை முழுகிடறேன்னார். அன்னைக்கு ராத்திரி நல்லாச் சாப்பிட்டார். மறுநாள் கேட்டா, விக்கலைன்னுட்டார். யாரோ வேண்டாம்னாங்களாம். யாருன்னு கேட்டேன். கடைசிவரை சொல்லலை."

தோக்பே காபியைக் கீழே வைத்தார்.

அந்தப் பதினெட்டில் மூன்று கோடி அவருடையது. இவளுக்குத் தெரியாது. நாலு வருஷத்துக்கு முன், திட்டிக்கொண்டே, முட்டி தேய்ந்து சேர்த்ததை எடுத்துக் கொடுத்திருந்தார். வசந்தத்தில் அவன் போன் செய்து, "அப்பா, வித்துடட்டுமா?" என்று கேட்டபோது, "இவ்வளவு கொட்டினது இப்ப விக்கவாடா? என் மூணு கோடியை முழுசா வெச்சுட்டு அப்புறம் வித்துக்கோ" என்று சொல்லிப் போனை வைத்தவர் அவர்தான். அவன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"யாரா இருந்தாலும் அவங்க நல்லா இருக்க மாட்டாங்க," என்றாள்.

மணி மூன்று. விலை எட்டு.

"இப்ப வித்தா, ரெண்டரை லட்சத்துக்காகத்தான் அவர் செத்தார்னு ஆயிடும். ஏழு வருஷம் மத்தியானச் சோறு வாங்காம நூடுல்ஸ் தின்னார், மாமா. ஒரு செருப்பு வாங்கலை." குரல் உடையவில்லை, கட்டணம் கேட்கிறவள் மாதிரிதான் பேசினாள். "நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லுங்க. விட்டுடறேன். அவர்கிட்ட அத்தனை தடவை சொன்னீங்களே, எங்கிட்டயும் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அதன் பின்னாலேயே மற்றதும் வந்துவிடும் என்று தோன்றியது. வசந்தமும், மூன்று கோடியும். இன்னொன்றும் இருந்தது, அதை நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது: இருநூறு வந்தால் அந்த மூன்றும் திரும்பும்.

"உன் இஷ்டம்," என்றார்.

அவள் விரல் 'வாங்கு' என்றிருந்த சிவப்புப் பொத்தானில் அழுந்தியது.

மூன்று இருபத்தெட்டுக்கு ஒலிபெருக்கி குடும்பத்தாரை அழைத்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வெள்ளைக் கையுறை போட்ட ஆள் குனிந்து வணங்கி, பெயரைச் சரிபார்க்கச் சொன்னான். மரப்பெட்டியை வெள்ளைத் துணியில் முடிந்து நீட்டினான்.

"சூடா இருக்கும். ரெண்டு கையாலயும் பிடிங்க."

ஹேஜின் போனை மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை வாங்கினாள். மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். படியில் தாயுன் ஓடிவந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

தோக்பே பின்னால் வந்தார். மூன்றரைக்குப் போன் ஒருமுறை அதிர்ந்தது. அதிலிருந்த எண்கள் அவருக்குப் பிடிபடவில்லை. அப்படியே திரை மங்கத் தொடங்கியது. பதறிப்போய்ப் பெருவிரலால் தொட்டார். வெளிச்சம் வந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடி மங்கியது.

மறுபடி தொட்டார்.