ரெண்டுக்கு சைபர்

முதலில் சுண்டுவிரல். அதை விரித்தால் மோதிர விரல் கொஞ்சம் தளரும். நடுவிரல்தான் பிடிவாதக்காரன். மகள் குனிந்து நின்று, தன் நீலச் சட்டையின் இடப்பக்க ஓரத்திலிருந்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவதைக் கழற்றுவதற்குள் முதலாவது மறுபடி மடங்கி மாட்டிக்கொண்டது. எழுபத்தொரு வயது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாய்க் கிடக்கிறார், நெஞ்சில் சளி கட்டி மூச்சு கரகரவென்று இழுக்கிறது. விரல்களுக்கு மட்டும் இந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"விடுங்கப்பா. கீழ போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."

"நீ எங்க போனாலும் நான் வருவேன்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"அப்பா, நான்ப்பா. பாப்பா."

"வாய மூடிட்டு ஆடு, ஒன்பது."

ஒன்பது என்பது கால்பந்தில் எதிரணிக்குக் கோல் போடுகிறவன். பத்தொன்பது வருஷம், பன்னிரண்டு கிளப், அப்பாவின் பிழைப்பு முழுக்க அந்த ஒன்பதாம் நம்பர்காரனின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்பதுதான். நடுவர் பார்க்காத பக்கமாக அவன் சட்டையின் ஓரத்தில் இரண்டு விரலைக் கொடுத்து வைப்பார். இழுக்க மாட்டார், இழுத்தால் தெரிந்துவிடும். சும்மா பிடித்திருப்பார். அவன் எம்பும்போது அரை நொடி தாமதமாகும், அது போதும். கூட ஆடியவர்கள் அவருக்கு வைத்த பெயர் கொக்கி.

பெரிய கிளப் எதுவும் கொக்கியைக் கூப்பிட்டதில்லை. இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு, அதுவும் யாருக்காவது கால் உடைந்த வருஷங்களில். மொத்தம் ஆறு கோல் போட்டார், அதில் மூன்று சொந்த வலையில். மகள் எட்டுப் பள்ளிக்கூடம் மாறினாள். எந்த வீட்டிலும் எல்லா அட்டைப்பெட்டிகளையும் பிரித்ததில்லை. ஒவ்வொரு தடவையும், "இதுதான் கடைசி, பாப்பா," என்பார். அவளும் ஒவ்வொரு தடவையும் நம்பினாள்.

ஆயிரக்கணக்கான பந்துகளைத் தலையால் முட்டித் திருப்பியவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் தலை வேலைநிறுத்தம் செய்தது. முதலில் சாவி வைத்த இடம் போனது. அப்புறம் அம்மா இறந்துபோனது மறந்தது. கடைசியில் மகள் யாரென்பதும் போனது. மூன்று வருஷமாக அவள் வீட்டில்தான் இருந்தார். துணி திருத்தும் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கால்சட்டைகளின் நீளத்தைக் குறைத்துவிட்டு வருவாள். கதவைத் திறந்ததும் அவள் சட்டையைப் பிடித்துக்கொள்வார். சமையலறைக்கும் வருவார், குளியலறை வாசல் வரைக்கும் வருவார். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, பாப்பா என்று கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

விடுவிக்க ஒரு வழி இருந்தது. தற்செயலாக அவளே கண்டுபிடித்தது. "ஆட்டம் முடிஞ்சிருச்சு" என்று சொல்ல வேண்டும். உடனே, "ஸ்கோர் என்ன?" என்று கேட்பார். ஆடும்போது ஸ்கோர் பலகையை நிமிர்ந்து பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. பலகையைப் பார்க்கிற நேரத்தில் ஒன்பது நழுவிவிடுவான் என்பார். "சைபர்-சைபர்" என்றால் முகம் மலரும். ஒரு தடுப்பாட்டக்காரனுக்கு அதைவிட நல்ல செய்தி உலகத்தில் இல்லை. விரல்கள் தாமாகத் திறந்துகொள்ளும். மூன்று வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ, ஒரு தடவைகூட வலையில் பந்து விழ அவள் விட்டதில்லை.

அன்றைக்குக் காலையில் அவள் தூங்கி மூன்று நாளாகியிருந்தது. முக்கால் மணி நேரமாகக் குனிந்து நின்று இடுப்பு விட்டுப்போயிருந்தது. சிறுநீர் முட்டியது. அண்ணன் விமான நிலையத்திலிருந்து நான்காவது தடவையாகப் போன் செய்து, மூச்சுக் குழாய் போடுவதா வேண்டாமா என்று தாளில் எழுதிக்கொடுத்துவிட்டாளா என்று கேட்டிருந்தான். கேட்பதற்கு அவனுக்கென்ன, சுலபம்.

"அப்பா. ஆட்டம் முடிஞ்சிருச்சு."

கண் திறந்தது. "ஸ்கோர் என்ன?"

அவள் அவரைப் பார்த்தாள். தன்னை ஊடுருவி வேறு எவனையோ பார்க்கும் அந்தக் கண்களைப் பார்த்தாள். பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டுக்கு சைபர். தோத்துட்டீங்க."

அவர் உதடு அசைந்தது. "யாரு விட்டது?"

"நீங்கதான்."

விரல்கள் திறந்தன. கை போர்வைமேல் விழுந்தது. அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரிசெய்ய ஒரு நொடி இருந்தது. சும்மா சொன்னேன்ப்பா என்றால் முடிந்திருக்கும். அவள் கழிவறைக்குப் போனாள். கீழே இறங்கிக் குழாய் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இயந்திரத்தில் ஒரு தேநீர் எடுத்து, அது ஆறும்வரை நின்று, குடித்தாள். மேலே வந்தபோது நர்ஸ் கதவருகே நின்றாள்.

"அஞ்சு நிமிஷம்தாங்க ஆச்சு. சிரமப்படல. அப்படியே அடங்கிட்டாரு."

அவர் முகம் சுவர்ப் பக்கமே இருந்தது.

மறுநாள் மதியம், இறுதிச்சடங்குக் கூடத்தின் வெள்ளைச் சுவரோரம் முப்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்பதில் ஆட்கள் இருந்தார்கள். அண்ணன் டை கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க அப்பா ஆடும் படம் ஒன்று வேண்டுமென்று பழைய பத்திரிகைத் துண்டுகளை இரவெல்லாம் கிளறியிருக்கிறான். எல்லாப் படத்திலும் கோல் போட்டவன்தான் நடுவில் இருந்தான். அப்பா ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்றார். கிடைத்ததில் நல்லதாக ஒன்றை எடுத்து, மற்றவனை வெட்டிவிட்டுப் பெரிதாக்கியிருந்தான். அப்பாவின் முஷ்டியில் மட்டும் யாருடைய சட்டையோ மிச்சமிருந்தது.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று அண்ணன் முந்தின நாளே கேட்டுவிட்டான்.

"தூங்கிட்டு இருந்தாரு."

சித்தி கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். எல்லோருக்கும் தூக்கத்தையே சொன்னாள். சொல்லச் சொல்ல வாய் பழகிவிட்டது, நெஞ்சு மட்டும் பழக மறுத்தது.

மூடியைப் போட வேண்டிய நேரத்துக்குக் கால் மணி முன்னால் கீப்பர் மாமா வந்தார். அப்பாவோடு மூன்று கிளப்பில் கோல்கீப்பராக இருந்தவர். கையில் ஒரு விரல்கூட நேராக இருக்காது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டும். காது பாதி கேட்காது, அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். பெட்டியருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் கனமாக உட்கார்ந்தார்.

"ஸ்கோர் கேட்டானா?"

அவள் திடுக்கிட்டாள்.

"ஒவ்வொரு ஆட்டமும் முடிஞ்சதும் நேரா என்கிட்டதான் வருவான். 'என்னடா ஸ்கோர்?'னு கேப்பான். தொண்ணூறு நிமிஷம் ஆடினவனுக்குத் தெரியாது பாரு! பைத்தியக்காரப் பய." சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. "கேட்டானா?"

"கேட்டாரு மாமா."

"நீ என்ன சொன்ன?"

தூங்கிட்டு இருந்தாரு என்பது நாக்கின் நுனிவரை வந்தது. இந்த ஆளிடம் செல்லாது என்று தோன்றியது.

"ரெண்டுக்கு சைபர்னு சொன்னேன்."

"ஆங்?"

அவள் அவருடைய கேட்கும் காதருகே குனிந்தாள். "ரெண்டுக்கு சைபர். தோத்துட்டீங்கன்னு சொன்னேன் மாமா. யாரு விட்டதுன்னு கேட்டாரு. நீங்கதான்னு சொன்னேன். சொல்லிட்டுக் கீழ போய் டீ குடிச்சேன். அதுக்குள்ள போயிட்டாரு. எப்பவும் சைபர்-சைபர்னுதான் சொல்வேன். நேத்து ஒரு நாள்தான்."

அப்படியில்லம்மா, மனசுல வச்சுக்காத, அவனுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது என்றெல்லாம் கீப்பர் மாமா சமாதானம் சொல்லவில்லை. கோணல் விரல்களை முழங்கால்மேல் பரப்பி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்து ஊழியர் திருகுகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்து, ஓரமாகக் காத்து நின்றார்.

"ரெண்டா," என்றார் கடைசியில்.

"ம்."

"ரெண்டும் நான் விட்டது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"முதல் கோல், பந்து கைக்கே வந்துச்சு. நழுவ விட்டுட்டேன். மழை, கையுறை ஊறிப்போச்சு. ரெண்டாவது, நான் வெளிய வந்திருக்கவே கூடாது. உங்கப்பன் 'நில்லு, நில்லு'ன்னு கத்தினான். நான்தான் கேக்கல. ஒன்பது அவன் கையிலதான் இருந்தான், எங்கயும் போகல." தலையை ஆட்டினார். "கொக்கி மேல ஒரு தப்பும் இல்ல. யாரோ உனக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க."

எழுந்தார். முட்டி சத்தம் போட்டது. பெட்டியருகே போய், ஆட்டம் தொடங்குமுன் கோல் கம்பத்தைத் தட்டுவதுபோல் அதன் விளிம்பை முஷ்டியால் இரண்டு தடவை தட்டினார்.

"டேய் கொக்கி! ரெண்டும் என்னோடதுடா! கேக்குதா? உன்னோடது இல்ல!"

நாற்காலிகளிலிருந்த ஒன்பது பேரும் திரும்பினார்கள். அண்ணன் வேகமாக வந்து அவர் தோளைத் தொட்டு, "மாமா, கொஞ்சம் மெதுவா," என்றான். அவருக்கு அது காதில் விழவில்லை.

அவளும் எழுந்து போனாள். அப்பாவின் முகத்தை யாரோ நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள். கைகளை வயிற்றின்மேல் சேர்த்திருந்தார்கள், ஆனால் வலக்கையின் இரண்டு விரல்கள் இன்னும் உள்பக்கமாக மடங்கியே இருந்தன, எதையோ வாங்கிக்கொள்ளத் தயாராக. அவள் அழுதாள். இத்தனை நேரம் வராதது, எல்லோர் முன்னாலும், மூக்கு ஒழுக வந்தது.

மூடி வந்தது. ஊழியர் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். தூக்க ஆறு பேர் வேண்டும் என்றார். கீப்பர் மாமா யாரையும் கேட்காமல் பின்னால் போய் நின்றுகொண்டார். அண்ணன் அவளைப் பார்த்தான்.

"இந்தச் சட்டையையா போட்டுட்டு வந்த? இடப்பக்கம் பாரு, இழுபட்டுத் தொங்குது. உள்ளயாவது சொருகிக்க."

அவள் குனிந்து பார்த்தாள். பின்னல் துணி. இரண்டு விரல் அகலத்துக்கு இழை நீண்டு, நுனி சுருண்டிருந்தது. நீராவி காட்டினால் ஐந்து நிமிஷத்தில் பழையபடி வந்துவிடும், அது அவள் தினமும் செய்கிற வேலை.

"இருக்கட்டும்ணா," என்று சொல்லிவிட்டு, பெட்டியின் இடப்பக்கப் பிடியைப் பற்றினாள்.