நாலு டயரும் ஒரு புட்டிங்கும்

கேக்கம்மாவின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கேக் ஒன்று கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள், அதே வண்டியில், அதே பாதையில், ஒரு புட்டிங் போய்விட்டு வரும். பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, தட்டில் கவிழ்த்த புட்டிங். மூச்சு விட்டாலே குலுங்குகிற ஜாதி. அது முழுசாகத் திரும்பி வந்தால் மறுநாள் கேக்கும் போகலாம். அந்த வீட்டில் அதற்கு நீதிபதி என்று பெயர்.

அன்றைக்கு நீதிபதி பின்சீட்டில் கேக்கம்மாவின் நாத்தனார் மடியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கேக்கம்மா. வண்டியை ஓட்டியது அவள் புருஷன். மற்ற நாளெல்லாம் வீடு வீடாகப் போய் ஒயரிங் வேலை பார்ப்பவர், கேக் நாளில் மட்டும் டிரைவர். வண்டி, ஜீப்பும் இல்லாமல் காரும் இல்லாமல் நடுவாந்தரமாகப் பிறந்த ஒரு சின்ன எஸ்யூவி. உருண்டையாக, மஞ்சளாக இருப்பதால் தெருவே அதைப் பூசணி என்றுதான் கூப்பிடும்.

மறுநாள் கேக் போக வேண்டிய கல்யாணம் வேறு யாருக்குமில்லை, அந்த நாத்தனாருக்குத்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வயது ஐம்பத்தைந்து. கழுத்தில் விசில் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. மலைமேல் இருக்கிற மாட்டு டாக்டர், ஒரு நாள் அவளுடைய நாய்க்கு ஊசி போட வந்தவர், நாய் குணமான பிறகும் வந்துகொண்டே இருந்தார். அப்புறம் என்ன, கல்யாணம்.

"அண்ணி, கேக் எப்படி வேணும்?" என்று கேக்கம்மா கேட்டபோது நாத்தனார் யோசிக்கவே இல்லை.

"நாலு அடுக்கு. முழுசா வரணும். உன் கேக்கை நான் எத்தனை வருஷமா திங்கறேன், சொல்லு. எல்லாம் ஓரம். நீ அடுக்கு சீவி மட்டம் பண்ணும்போது விழற துண்டு. ஊரான் பேரெல்லாம் எழுதற, என் பேரு எழுதி ஒரு முழு கேக்கை நான் வெட்டினதே கிடையாது. உடைஞ்சதை ஒட்டவெச்சு கொண்டுவந்தே, மாப்பிள்ளையை விட்டுட்டு உன்கூடவே திரும்பி வந்துடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கேக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. உண்மைதானே. ஒவ்வொரு கேக் நாளும் விடிந்ததும் வந்து, பாத்திரம் கழுவி, பெட்டி மடித்துக் கொடுத்து, ஓரத்துண்டு நிறைந்த டப்பாவோடு போகிறவள் அவள். இதையாவது முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அதில்தான் பயமும். போன மாதம் இதே மலைப்பாதையில், சின்னதுதானே என்று வெள்ளோட்டம் விடாமல் கொண்டுபோன ஒரு எலுமிச்சைக் கேக், மூன்றாவது வளைவில் சாய்ந்து, பெட்டிக்குள்ளேயே படுத்துவிட்டது. அதிலிருந்து கேக்கம்மாவுக்கும் அவள் புருஷனுக்கும் நடுவே அந்தப் பேச்சே எழுந்ததில்லை. இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், நடுக்கூடத்தில் தூங்குகிற பிள்ளையைச் சுற்றிப் போகிற மாதிரி.

இன்று வெள்ளோட்டத்தில் மலை ஏறவே இல்லை. அடிவாரத்தின் முதல் வளைவிலேயே பூசணி ஒரு பக்கமாய் அசைந்து குழைந்தது. நீதிபதி தட்டை விட்டு வழுக்கி நாத்தனாரின் முழங்கைவரை வந்துவிட்டார்.

நாத்தனார் அவரைக் கையால் தாங்கித் தட்டுக்குத் திருப்பிவிட்டு விசில் ஊதினாள். வண்டி நின்றது.

"டேய் தம்பி, இறங்கி டயரைப் பாரு. நாளைக்குக் கல்யாணம் எனக்கு, உனக்கில்ல."

பார்த்தார். ஓரத்து ரப்பர் வரியெல்லாம் தேய்ந்து, டயர் மொழுமொழுவென்று இருந்தது. அங்கிருந்தே மெதுவாகத் திருப்பி, டயர்க் கடைக்கு விட்டார்கள்.

கடையை நடத்துகிறவள் ஒரு பெண். கருநீல முழு உடுப்பு, காதில் பென்சில். வாசலில் காத்திருப்பவர்களுக்கு நாலு நாற்காலி. ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு நிறம். கூரைவரை அடுக்கிய டயர்களின் புது ரப்பர் வாசனை. கேட்காத நேரத்தில் திடீரென்று உறுமத் தொடங்கும் காற்று மெஷின். நாத்தனார் புட்டிங் தட்டோடு இறங்கி, பச்சை நாற்காலியில் உட்கார்ந்தாள். டயர்க்காரம்மா தட்டைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கடை நடத்துகிறவர்கள் எதையும் பார்த்திருப்பார்கள்.

சுவரில் இரண்டு டயரைச் சாய்த்து வைத்தாள். "உங்க வண்டி அளவுக்கு இப்ப கையிருப்புல இந்த ரெண்டு வகைதான். இது கல்லு முள்ளுக்கு. இது ரோட்டுக்கு."

கல்லு முள்ளு டயரைக் கண்டதும் புருஷனுக்கு வயது பாதியாகக் குறைந்துவிட்டது. கட்டை கட்டையாக ரப்பர், பக்கவாட்டில் வெள்ளை எழுத்து. உட்கார்ந்து தடவிக் கொடுத்தார்.

"புலி மாதிரி இருக்கு பாரு. மலைமேல கடைசிப் பாதை பூரா சரளைக்கல்லு. இதான் சரி."

"நாம கேக் கொண்டு போறமா, வேட்டைக்குப் போறமா?" என்றாள் கேக்கம்மா. அவள் ரோட்டு டயரைக் குனிந்து முகர்ந்தாள். கட்டைவிரலால் பக்கவாட்டில் அமுக்கினாள்.

"மேடம், அது ஸ்பாஞ்ச் இல்ல. அமுக்கினா வெந்துச்சான்னு தெரியாது," என்றாள் டயர்க்காரம்மா. அப்புறம் பூசணியின் பழைய டயரருகே குந்தி உட்கார்ந்தாள். கையால் ஒரு சுற்று தடவினாள். அடுத்தது. அடுத்தது. முகம் மாறியது.

"ரெண்டு ஓரமும் தேய்ஞ்சு வழுக்கையாயிருக்கு. நடுவுல மட்டும் புதுசு மாதிரி. காத்து கம்மியா வெச்சு ஓட்டினாத்தான் இப்படி ஆகும். எவ்வளவு வெக்கறீங்க?"

"சரியாத்தான் வெக்கறேன். வாரா வாரம் அடிக்கறேன்," என்றார் புருஷன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

கேக்கம்மா தன் செருப்பைப் பார்த்தாள்.

டயர்க்காரம்மா அளவுமானியைச் செருகினாள். நாலு டயரிலும் பார்த்துவிட்டு எழுந்தாள். "இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்கு. நாலுலயும் ஒரே மாதிரி பாதி. ஆணி இவ்வளவு நியாயமா குத்தாது சார். யாரோ இறக்கி விட்டிருக்காங்க."

காற்று மெஷின்கூட அந்த நேரம் பார்த்து நின்றது. நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைத்தவனைக் கண்டுபிடித்தவள் அவள்.

"யாரு?" என்றாள். அவ்வளவுதான்.

"நான்தான்," என்றார்கள் இருவரும். ஒரே நேரத்தில்.

பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். கேக் நாளோ புட்டிங் நாளோ, விடியற்காலை அவர் குளிக்கப் போனதும் கேக்கம்மா கொண்டை ஊசியோடு வாசலுக்குப் போவாள். நாலு டயரிலும் கொஞ்சம் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவாள். டயர் மெத்தென்று இருந்தால் கேக் அதிராதே என்று. சொல்லிவிட்டுச் செய்யலாம்தான், வண்டி விஷயத்தில் கை வைத்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவரோ, பெட்டியையோ தட்டையோ ஏற்றிவிட்டு அவள் கை கழுவப் போகிற நேரத்தில், பேனா மூடியோடு குனிந்து அதே வேலையைச் செய்வார். அவரும் சொல்லவில்லை. சொன்னால், 'என் கேக் அவ்வளவு லேசாவா நிக்குது' என்று அவள் முகம் வாடும்.

"அதான் காத்து அடிக்கப் போறப்பல்லாம் பம்புக்காரர், வண்டி மூச்சு விடுதுன்னு சொன்னாரா," என்றார் புருஷன்.

"கேக்குக்காகவா இறக்கினீங்க?" டயர்க்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தியும் பிரயோஜனமில்லை என்று கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "கொஞ்சம் மெத்துனு இருக்கும், வாஸ்தவம். ஆனா பாதிக் காத்துல வளைவுல திரும்பினா, வண்டி பக்கவாட்டுல குழையும். தூக்கிப் போடாது, சாச்சுப் போடும்."

சாய்த்துப் போடும். அந்த வார்த்தை இருவர் மேலும் ஒன்றாக வந்து இறங்கியது.

"அப்ப அந்த எலுமிச்சை..." என்றாள் கேக்கம்மா. "நான் க்ரீமைத் தளர்த்தியா அடிச்சுட்டேன்னு நெனச்சேன்."

"நான் வளைவுல வேகமா ஒடிச்சுட்டேன்னு நெனச்சேன்."

"ஒரு மாசமா அதையா நெனச்சிட்டிருந்தீங்க? அதான் ராத்திரி சாப்பாடு இறங்கலையா?"

"நீ மட்டும் என்னவாம். க்ரீம் அடிச்சு அடிச்சு ஒரு வாளி வீணாக்கினே. ஏன்னு கேட்டா, பழகிப் பாக்கறேன்னே."

கேக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. ஒரு மாதமாக மார்மேல் ஏறி உட்கார்ந்திருந்த எலுமிச்சைக் கேக் எழுந்து போனது போல் இருந்தது. அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் கையில் டயர்க் கரி. ஒட்டிக்கொள்ளட்டும்.

"கொஞ்சறது போதும்," என்றாள் நாத்தனார். "கல்யாணப் பொண்ணு நானு. டயரைச் சொல்லுங்க."

"நீதிபதி இருக்காரே," என்றாள் கேக்கம்மா.

டயர்க்காரம்மாவிடம் பூசணியின் அதே மாடல் வண்டி ஒன்று சொந்தமாக இருந்தது, கல்லு முள்ளு டயரோடு. கடைக்குப் பின்னால் சரளைக்கல் முற்றம், ஒரு வேகத்தடை, ஒரு வளைவு. நாத்தனார் புட்டிங்கோடு அந்த வண்டியில் ஏறினாள். முற்றத்தில் ஒரு சுற்று. புட்டிங், மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி விடாமல் நடுங்கியது. வேகத்தடையில் ஒரு பக்கம் விரிசல் விட்டது.

"பயத்துல ஆடல. உற்சாகத்துல ஆடுது," என்றார் புருஷன். அவருக்கே அது எடுபடவில்லை.

பூசணியைத் தூக்கி நிறுத்தி, ரோட்டு டயர் நாலையும் மாட்டினாள் டயர்க்காரம்மா. டிரைவர் கதவைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த அளவைப் படித்து, அதன்படி காற்று அடித்தாள். கேக்கம்மா விரலால் தட்டிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. கை தானாகக் கொண்டையைத் தேடிப் போயிற்று.

"மேடம்," என்றாள் டயர்க்காரம்மா. "ஊசியை எங்கிட்ட குடுங்க."

கொடுத்தாள். புருஷனும் சட்டைப் பையிலிருந்து பேனாவை, மூடியோடு, எடுத்து நீட்டினார்.

இப்போது பூசணியில் ஒரு சுற்று. சரளையில் நீதிபதி லேசாகத் தலையாட்டினார், நல்ல பாட்டுக் கேட்கிறவர் போல. வேகத்தடையில் எழும்பி, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார். வளைவில் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். தட்டு சாயவில்லை. விரிசல் அப்படியே விரிசலாக நின்றது. நாத்தனார் ஜன்னல் வழியே தலையை நீட்டி நீளமாக விசில் ஊதினாள்.

வழக்கு முடிந்தது. ஆனால் புருஷன், சுவரில் சாய்ந்திருந்த புலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், திருவிழா முடிந்து வீட்டுக்கு இழுத்து வரப்படுகிற பிள்ளை மாதிரி. கேக்கம்மா பூசணியைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். பின்கதவில் வெளியே தெரிகிற மாதிரி மாட்டியிருந்தது ஸ்டெப்னி. அதுவும் வெடித்துக் கிடந்தது.

"ஏம்மா, இதுக்கு அந்தப் புலியை ஒண்ணு மாட்டலாமா?"

"அளவு ஒண்ணுதான். அவசரத்துக்கு மாட்டி மெதுவா கடைவரைக்கும் வரலாம்."

"மாட்டிடு. பின்னாடி வர்றவங்க பாத்துப் பயந்துக்கட்டும்."

புருஷன் பின்கதவருகே ஓடினார். வெள்ளை எழுத்து நேராக நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். பிறகு நால்வரும் நாலு நிற நாற்காலியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஸ்பூனோடு நீதிபதியைத் தின்று தீர்த்தார்கள்.

மறுநாள் விடியற்காலை கேக்கம்மா வாசலுக்கு வந்தபோது, இடுப்பில் துண்டோடு அவர் முன்டயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"குளிக்கலையா?"

"நீ வந்து ஏதும் பண்ணிடுவியோன்னு காவலுக்கு நின்னேன். நீ?"

"அதே காவலுக்குத்தான்."

இருவரும் வெறுங்கையைக் காட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

மலை ஏறினார்கள். முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவதில் கேக்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "தாண்டியாச்சு," என்றார் அவர், கிசுகிசுப்பாக, கேக் விழித்துக்கொள்ளுமோ என்பது போல. கடைசிச் சரளையில் பூசணி தலையை ஆட்டி ஆட்டி நடந்து, மாட்டு டாக்டர் வீட்டு முற்றத்தில் போய் நின்றது. பெட்டியைத் திறந்தார்கள். நாலு அடுக்கும் நேராக, மேலே எழுதிய பேர் ஒரு எழுத்துகூடக் கலையாமல்.

நாத்தனார் புது உடையில், கழுத்தில் மாலை, மாலைக்குள் விசில். கேக்கின் முன்னால் வந்து நின்றாள். தன் பேரையே படித்துக்கொண்டிருந்தாள். "முழுசா வந்துடுச்சே," என்றாள் மெல்ல. பிறகு கத்தியை எடுத்து, நட்டநடுவில் வெட்டி, முதல் துண்டை வாயில் போட்டாள். மென்றாள். யோசித்தாள்.

"எப்படி அண்ணி?"

"நல்லாத்தான் இருக்கு." இன்னொரு வாய் மென்றாள். "ஆனா இந்த ஓரம் மொறுமொறுன்னு இருக்குமே, அது இல்லியே. இத்தனை வருஷமா நல்ல பங்கைத்தான் எனக்குக் குடுத்திருக்கே. இதை வெளிய சொல்லாதே, எல்லாரும் கேப்பாங்க."

கேக்கம்மா வண்டிக்குப் போனாள். இருக்கைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து வந்து கொடுத்தாள். நாலு அடுக்கிலும் சீவிய ஓரம் முழுக்க அதில்தான் இருந்தது.

விருந்தாளிகள் எல்லாம் உள்ளே நடுத்துண்டு தின்றுகொண்டிருந்தபோது, கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் பூசணியின் பின்னால், புலி டயருக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு மணை போட்டு உட்கார்ந்து, ஒரே டப்பாவில் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்த டயர் எதுக்கு?" என்று கேட்டார் மாட்டு டாக்டர், வாய் நிறைய.

"அது என் தம்பியோடது," என்றாள் அவள். "நீங்க ஓரத்தைச் சாப்பிடுங்க."