சனிக்கிழமை ஆட்டம்

டென்னிஸ் போட்டி திங்கட்கிழமை தொடங்குகிறதென்றால், அதற்கு முந்தைய சனிக்கிழமை கிளப்பின் பெண் உறுப்பினர்கள் நால்வர் மைய ஆடுகளத்தில் ஆடிப் பார்க்க வேண்டும். ஆள் ஓடினால்தான் புல்தரையின் குறை தெரியும். ஆண்கள் ஓடினால் புல்லைக் கிழித்துவிடுவார்களாம், அதனால் பெண்கள். பதினோரு வருடமாக அந்த நால்வரில் ஹெஸ்டரும் ஒருத்தி. லண்டனில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இந்த கிளப்பில் சேர முப்பது வருடம் காத்துக் கிடக்க, அந்தப் புல்லில் முதல் அடி வைக்கும் பாக்கியம் இவளுக்கு. கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தான் செய்தது.

இந்தச் சனிக்கிழமை இரண்டாவது செட்டில், இடது மூலையில் பந்தை எட்டப் போனவள் சறுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தாள். வெள்ளைப் பாவாடையில் பச்சைக் கறை.

"அடியே, ஆட வந்தியா, உக்கார வந்தியா?" என்று கூட ஆடிய புரூ சிரித்தாள்.

"இந்த இடம் சொதசொதன்னு இருக்குடி."

"சும்மா இரு. நார்மன் காதுல விழுந்தா மனுஷன் உடைஞ்சே போயிடுவான். வருஷம் பூரா புள்ள மாதிரி வளர்த்திருக்கான்."

புல்தரைக்குப் பொறுப்பான அந்த நார்மன், ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சின்ன நோட்டுடன் வந்தான்.

"எப்படி இருந்துச்சு மேடம்? எங்கயாச்சும் குறை?"

"அருமை நார்மன். குறையே இல்ல."

அவன் முகம் மலர்ந்தது. அதை அப்படியே எழுதிக்கொண்டான்.

என்ன பழக்கமோ இந்த ஆங்கிலேயர்களுக்கு! சூப்பில் ஈ கிடந்தாலும் நன்றாக இருந்தது என்பார்கள். அடுத்தவர் மனம் கோணக்கூடாதாம். ஹெஸ்டரும் அப்படி வளர்ந்தவள்தானே? கறையைக் கையால் மறைத்தபடி தேநீர் குடிக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மதியம். சுஸானா என்ற பத்தொன்பது வயது ஸ்லோவாக்கியப் பெண் பந்தைத் துரத்திக்கொண்டு அதே இடது மூலைக்கு ஓடினாள். உறுப்பினர் வரிசையில் ஸ்ட்ராபெரி கிண்ணத்துடன் உட்கார்ந்திருந்த ஹெஸ்டருக்கு, "ஐயோ, அங்க போகாதே!" என்று வாய்வரை வந்துவிட்டது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது இங்கே யாரும் கத்தமாட்டார்கள். அவளும் கத்தவில்லை.

முழங்கால் முறிந்த சத்தம் அந்த அமைதியில் மேல் வரிசைவரை கேட்டது. பிறகு அந்தப் பெண் தன் மொழியில் அம்மாவைக் கூப்பிட்டு அலறினாள். ஹெஸ்டர் எழுந்து நின்றுவிட்டாள். கிண்ணம் எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை.

தோண்டிப் பார்த்தார்கள். அடியில் தண்ணீர்க் குழாய் கசிந்திருந்தது. சுஸானா இனிமேல் ஆடவே முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை கமிட்டி கூடியது. நார்மனை வேலையைவிட்டு அனுப்புவதாக முடிவு.

கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்த ஹெஸ்டர், துவைக்காத பாவாடையைத் தலைவர் லயனல் முன்னால் மேசையில் விரித்தாள்.

"தப்பு என்னோடது லயனல். சனிக்கிழமையே நான் அதே இடத்துல விழுந்தேன். தெரிஞ்சும் மறைச்சேன்."

பெண்பிள்ளை உடுத்திய துணி. லயனல் பதறிப்போய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு ஹெஸ்டர்! அவனைக் காப்பாத்த பழியை நீங்க ஏத்துக்கறீங்களே. குறையே இல்லன்னு நீங்க சொன்னது அவன் நோட்டுலயே இருக்கு. வாங்க, டீ ஆறிடப் போகுது."

"பெரிய மனசா? பொய் சொன்னேன்யா! ஒரு பொண்ணு காலை உடைச்சிட்டேன்யா!"

அந்த அறையில் இதுவரை யாரும் கத்தியதில்லை. கமிட்டிக்காரர்கள் ஏழு பேரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். "பாவம், அதிர்ச்சியில பேசறாங்க" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

அவள் சொன்னதை நம்பியவன் ஒரே ஒருவன். சுவரோரம் நின்றிருந்த நார்மன் கண்ணிமைக்காமல் அந்தக் கறையையே பார்த்தான்.

"ரெண்டு நாள் இருந்துச்சே மேடம்" என்றான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, குழாயை மூடி உலர வச்சிருப்பேனே."

"என்னை மன்னிச்சிடு நார்மன்."

நார்மன் சாவிக்கொத்தை மேசையில் வைத்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"பரவாயில்ல மேடம்" என்றான். "ஒண்ணும் இல்ல."