நாற்பது எழுத்து

"காய்ச்சல் வந்தால் பென்சிலின் ஊசி கொடுக்க" என்பதோடு வரி நின்றுபோயிருந்தது. மேலாளர் திரையை என் பக்கம் திருப்பி, "இது உன் வேலைதானே?" என்றார். மாடியில் அந்த வரிக்குரிய நோயாளி, ஒரு தையற்காரர், அந்த ஊசி போட்டதில் முகம் வீங்கி, செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடந்தார்.

என் வேலைதான். எங்கள் மருத்துவமனைக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள வரும் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் விவரங்கள் ஆறு வருடமாக எக்செல்லில் இருந்தன. புது மென்பொருள் வந்ததும், தேதிகளைத் திருப்பிப் போட்டு, தொலைபேசி எண்களில் உதிர்ந்துபோன பூஜ்யங்களை ஒட்டவைத்து, எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றினேன். 'குறிப்பு' என்ற கடைசிக் கட்டம் மட்டும் முரண்டு பிடித்தது. நர்ஸுகள் அதில்தான் மனசுவிட்டு எழுதியிருந்தார்கள். இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேசவும். மகனிடம் சொல்லிப் பயனில்லை, மருமகளைக் கூப்பிடவும். புது மென்பொருளோ புள்ளி, கொம்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து நாற்பது எழுத்துக்கு மேல் வாங்காது.

அன்றைக்கே மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "சார், பாதி வரி அறுந்துபோகுது. 'கூடாது'ங்கறது கடைசியிலதான் வரும்."

அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெட்டிடும்மா. திங்கக்கிழமை திறந்தாகணும். இதையெல்லாம் யாரு உக்காந்து படிக்கப்போறா?"

வெட்டினேன். ஒரு ஃபார்முலா, கீழே வரை ஒரு இழுப்பு. ரெண்டு நாள் கிடைத்திருந்தால் ஒவ்வொன்றையும் சுருக்கி எழுதியிருப்பேன். அந்த ரெண்டு நாளை நான் வாய்திறந்து கேட்கவில்லை. அதை நினைத்தால்தான் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"யாரும் படிக்கமாட்டாங்கன்னீங்க. அந்தப் பொண்ணு படிச்சிருக்கா சார்," என்றேன் இப்போது, திரையைக் காட்டி.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான நர்ஸ். திரையில் இருந்ததை டாக்டருக்குப் போனில் அப்படியே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஊசி போட்டிருக்கிறாள். இப்போது பணிநீக்க உத்தரவுக்காக வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"நர்ஸ் கவனிக்கலன்னு எழுதிக் குடு. உன் பேரு வராம நான் பாத்துக்கறேன்," என்றார் மேலாளர், ஏதோ உபகாரம் செய்வதுபோல. "அப்புறம் அந்தப் பழைய ஃபைலை அழிச்சிடு."

என் இடத்துக்கு வந்து, பழைய ஃபைலைத் திறந்து, தையற்காரரின் வரியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்தேன். மாடியேறினேன். அவர் மனைவி அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஊசி போட்ட பொண்ணு மேல தப்பில்ல. இந்த வரிய வெட்டுனது நான். வெட்டச் சொன்னது கீழ உக்காந்திருக்கறவரு."

அவள் என்னைத் திட்டவில்லை. தாளை வாங்கி, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசிச் சொல்லான 'கூடாது'க்கு வந்ததும் விரல் நின்றது.

"அவரு எந்த ரூமு?"

சொன்னேன். அவள் படியிறங்கிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. உள்ளே மேலாளரின் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. அவளோ அந்தத் தாளை அவருடைய திரையின் மேல் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.