முனி கழுத்துச் சங்கிலி

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குத் துரை ஏலத்தில் எடுத்த பழைய டிராக்டர் ஒன்று வந்தது. சீமையில் பாதையை மூடும் பனிக்கட்டியை ஒதுக்கிய வண்டி. இங்கே மண்சரிவை ஒதுக்கட்டும் என்றார் துரை. ஃபிட்டர் நல்லமுத்து எஞ்சினைப் பிரித்துக் கோத்தார், முன்னாலிருந்த இரும்புத் தகட்டை நிமிர்த்தினார். வண்டியோடு வந்த பெட்டிக்குள் கிடந்த இரண்டு சங்கிலிகள்தான் அவர் மண்டையைக் குடைந்தன. ஏணி மாதிரிப் பின்னிய சங்கிலியை வைத்து எதை இழுப்பது? கடைசியில், தொழிற்சாலை இயந்திரங்களைக் காக்கும் ரோதைமுனியின் சூலத்தில் மாலையாகப் போட்டுக் கும்பிட்டுவிட்டார்.

ஆனி மழையில் ரோட்டில் மண் சரிந்தது. வண்டி ஏறவில்லை, சக்கரம் சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றியது.

“முனிக்கு ஏதோ கொற இருக்குண்ணே” என்றான் டிரைவர் இராயப்பன்.

நல்லமுத்து தேங்காயோடு இராயப்பனையும் கூட்டிக்கொண்டு முனியிடம் போனார். வாசல் சேறு வழுக்கிவிட்டது. விழப்போனவரின் கால், தரைவரை தொங்கிய சங்கிலியை மிதித்ததும் நங்கூரம் போட்டதுபோல் நின்றது. குனிந்து காலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இராயப்பா, இதக் கழட்டு. சக்கரத்துல சுத்தணும்.”

“நான் வேதக்காரன்ணே, மாதா கோயிலுக்குப் போறவன். ஒங்க சாமி சாமான நீங்களே எடுங்க.”

சூடம் கொளுத்திவிட்டு அவரே எடுத்தார். சங்கிலி சுற்றிய சக்கரம் சேற்றைக் கவ்விக்கொண்டு ஏறியது.

“முனி கோவிச்சுக்காதாண்ணே?”

“எதுக்கு? கால் தண்டையக் கொண்டுபோய்க் கழுத்துல போட்டுட்டு, இத்தன நாளா நாமதான் பொறுக்க வச்சிருந்தோம்.”